பகல் பல்பு

மத்தியான நேரத்தில் அடுத்தவர் வீட்டில் தூங்குவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு நல்ல வார்த்தை பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வந்தவள் தூக்கத்தில் ஆரம்பிக்கிறாளே என்று பின்வரிசையில் உங்கள் மேலதிகாரி நெளிவது இங்கிருந்தே தெரிகிறது. கொஞ்ச நேரம் நெளியட்டும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என்னை இனி அவர் ஒன்றும் செய்ய முடியாது.

எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் அறக்கட்டளையின் அலுவலகம் பூந்தமல்லியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்தது. மில் ஓடும்போது தரை லேசாக அதிரும். மேசைமேல் வைத்த பேனா தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்து கீழே விழும். வசதி இல்லாத வீடுகளில் மின்சாரச் செலவைக் குறைக்க யாரோ நல்ல மனசுக்காரர்கள் நிதி கொடுத்திருந்தார்கள். அதை அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து வீடுகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்த்து முடிவு செய்வதும் நாங்கள்தான். இப்போது உங்களிடம் இருக்கும் கருவிகளில் ஒன்றுகூட அன்று கிடையாது. எங்களிடம் ஒரு குடையும், பஸ் வரும் என்ற நம்பிக்கையும் இருந்தன.

எனக்கு முன்பே அங்கே வேலை பார்த்தவள் ஒருத்தி. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆபீஸில் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டோம். எந்த வீட்டுக்கு எதைக் கொடுப்பதானாலும் முதலில் அந்த வீட்டில் ஒரு மத்தியானம் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். கேள்வி கேட்கக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு நோட்டம் விடவும் கூடாது. சுவரில் சாய்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அக்கா தூங்கிப்போவாள். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் எனக்கும் கண் சொக்க ஆரம்பித்தது.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் சென்னீர்குப்பத்தில் ஒரு தெரு முழுக்க டியூப் லைட் கொடுத்திருக்கிறார்கள். குண்டு பல்பைவிட மின்சாரம் குறைவாக இழுக்கும், வெளிச்சமும் கூடுதல். காலையில் மாட்டினார்கள், எல்லாம் பளிச்சென்று எரிந்தது, கைதட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். சாயங்காலமானால் அந்தத் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடும் என்பது காலையில் போனவர்களுக்கு எப்படித் தெரியும்? டியூப் லைட்டெல்லாம் படுக்கப் போகும்வரை கண் சிமிட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. மறுநாளே ஜனங்கள் பழைய பல்பை மாட்டிக்கொண்டார்கள். பிறகு அக்கா போய்ப் பார்த்தபோது ஒரு வீட்டில் டியூப் லைட் பட்டிமேல் பள்ளிக்கூடச் சட்டை காய்ந்துகொண்டிருந்ததாம். வீட்டுக்காரி அதையும் நன்றியோடுதான் சொன்னாளாம். இரவு வெளிச்சத்தைப் பகலில் சரிபார்த்துவிட்டு வந்தவர்களை வேறு எப்படிப் பாராட்டுவது?

தேசம்மா வீட்டுக்கு நான் தூங்கப்போனது அதற்கெல்லாம் பிறகு.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்து. ஒருபக்கம் ஏதோ கம்பெனியின் உயரமான மதில். எதிர்ப்பக்கம் வரிசையாக ஆறு ரூம், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். நடுவில் இருந்த பாதையில் தண்ணீர்க் குடங்களைத் தாண்டி ஒருவர் வந்தால் எதிரில் வருபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மேலே சீமை ஓட்டுக் கூரை. முன்னால் வாசல், மற்ற மூன்று பக்கமும் சுவர், ஜன்னல் என்ற பேச்சே இல்லை. கரண்ட் பில்லுக்காக அங்கே தினமும் சண்டை நடக்கிறது, வந்து பாருங்கள் என்று யாரோ எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

தேசம்மாவுக்கு அப்போது முப்பது வயதிருக்கலாம். ரப்பர் கம்பெனியிலிருந்து சாக்கில் கட்டி வரும் வாஷர்களைக் கொட்டிவைத்துக்கொண்டு, அச்சில் வார்த்தபோது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டும் வேலை. பிசிறு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும், கொஞ்சம் ஆழமாகப் போனாலும் திருப்பி அனுப்பிவிடும். தலைக்கு மேலே குண்டு பல்பு எரிந்தது. பக்கத்தில் பாயில் அவள் புருஷன் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார். வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டதால் இராத்திரி வாட்ச்மேனாகப் போய்க்கொண்டிருந்தார். ரப்பர் வாசனையும் பல்பின் சூடும் கத்தரியின் சிக் சிக் சத்தமும் சேர்ந்து என்னை எங்கேயோ கொண்டுபோயின. விழித்தபோது விளக்கு வைத்த நேரமாகிவிட்டதென்று பதறி எழுந்து வாசலுக்கு வந்தேன். வெளியே மதில்மேல் உச்சிவெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட மயக்கம் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு படி இறங்கினால் பகல், ஒரு படி ஏறினால் இராத்திரி.

"இன்னா மேடம், நல்லா தூங்கினியா? எங்க ஊட்டுக்காரரு கொறட்டை வுடுவாரு, நீ அவருக்கே பாட்டு கத்துக் குடுப்ப போல கீதே" என்றாள் தேசம்மா.

"இந்த பல்பு எப்பவும் எரியுமா?"

"அத்த அணைச்சிட்டா எத்த வெட்றது, வெரலையா?"

பிறகு நான் கேட்காமலேயே சொன்னாள். ஆறு ரூமுக்கும் ஒரே மீட்டர். பில் வந்ததும் வீட்டுக்கார ஓனர் ரூம் ரூமாக பல்பை எண்ணிப் பிரித்துவிடுவார். தேசம்மா வீட்டில் பகலிலும் எரிவதால் அவளுக்கு மட்டும் பகல் பல்பு என்று இன்னொன்று சேர்த்து எண்ணுவார். அப்படியும் மற்றவர்களுக்கு மனசு ஆறவில்லை. அவளால்தான் பில் ஏறுகிறது என்று குழாயடியில் சண்டை. அடுத்த ரூம் கன்னியம்மா அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

"வர மாசத்துலேந்து பகல்ல பல்பு எரியக் கூடாது, எரிஞ்சா காலி பண்ணிகினு போயிடுன்னு ஓனரு சொல்லிட்டாரு மேடம். பல்பு இல்லாங்காட்டி இந்த வேலை இல்ல. இவுரு சம்பளம் வாடகைக்கே பூடும். எங்கம்மா நாத்து நட்ட எடத்துலதான் இப்ப அந்த ரப்பர் கம்பெனி நிக்கிது. திரும்பிப் போயி நடலாம்னா கழனி எங்க கீது?"

சொல்லும்போதும் கத்தரி நிற்கவில்லை. அவள் கண்ணில் ஓரமாக நீர் கோத்திருந்தது. அழுகை என்று நினைத்தேன். பல்பு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துப் பார்த்து எப்போதும் அப்படித்தான் இருக்குமாம்.

திரும்பி வரும் பஸ்ஸில், அன்று அதே பக்கத்தில் வேறொரு வீட்டுக்குப் போயிருந்த அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குறைவாக இழுக்கிற பல்பு கொடுக்கலாமா, தனி மீட்டருக்கு ஏற்பாடு செய்யலாமா என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தவள், மூடியபடியே சொன்னாள்.

"அந்த வீட்டுக்கு மேல சூரியன் சும்மாதானேடி போகுது?"

அவ்வளவுதான். அப்புறம் பூந்தமல்லி வரும்வரை நிஜமாகவே தூங்கினாள்.

கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு போதும். சீமை ஓட்டின் அதே அச்சில் வரும், ஒன்றை உருவிவிட்டு அதே இடத்தில் செருகிவிடலாம். ஓடு வாங்கிக்கொடுக்க நாம் என்ன கட்டடக் காண்ட்ராக்டரா என்று ஆபீஸில் கேட்டார்கள். பகலில் பல்பை அணைக்க வைப்பதும் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதுதான் என்று அக்கா அசையாமல் நின்றாள். ஓனரையும் போய்ப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸிலேயே பிள்ளைகளை வளர்த்து, ஓய்வு பெற்ற பணத்தில் அந்த ஆறு ரூமைக் கட்டியவர். வரிசையின் முன்னால் சின்னதாக ஒரு வீட்டில் இருந்தார். கேட்டதும் சரி என்றார். அந்த மனுஷன் கெட்டவரில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நடந்ததைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

குறித்த நாளில் கொத்தனார் ஏணி சாத்தி ஏறினார். மண் ஓடு ஒன்றை உருவி எடுத்தார். கட்டிய நாளிலிருந்து சூரியனைப் பார்த்தேயிராத அந்தத் தரையில் வெயில் விழுந்தது. தேசம்மா கத்தரியை வைத்துவிட்டு உள்ளங்கையை அதில் நீட்டினாள். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய கையோ என்பதுபோல. பாயில் கிடந்த புருஷன் புரண்டு படுத்தார்.

வெளியே சைக்கிள் மணி கேட்டது. ஓனர் வந்தார், சைக்கிளை மதிலில் சாய்த்தார், ஏணியை எடுத்துப் பாதையில் கிடத்தினார்.

கொத்தனார் கூரைமேல். ஒரு கையில் மண் ஓடு, இன்னொரு கையில் கண்ணாடி ஓடு. அவர் காலடியில் ஓடு உருவிய திறப்பு.

"யாரக் கேட்டு என் கூரையில ஏறுதீங்க?" என்றார் ஓனர்.

"உங்களக் கேட்டுத்தான் ஐயா. சரின்னு சொன்னீங்களே."

"அப்பச் சொன்னேன். இப்ப வேண்டாங்கேன். இன்னைக்கு நீங்க ஓடு போடுவீங்க. நாளைக்கு இவ, என் கூரை, நான் போட்டதுன்னு கோர்ட்டுல போய் நிப்பா. வாடகைக்கு விட்டுட்டு வீட்டத் திரும்ப வாங்க முடியாம எத்தன பேரு அலையுதான், எனக்குத் தெரியாதா? டீக்கடையில அத்தன பேரும் சொல்லுதான்."

சத்தம் கேட்டு எல்லா வாசலிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. கன்னியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

நான் பேச ஆரம்பித்தேன். அறக்கட்டளையின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் இன்னும் இறுகியது. பகல் பல்பு போய்விடும், எல்லோருக்கும் பில் குறையும் என்றேன். அவர் காதில் ஏறவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ உறைத்தது. அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து நான் பேசிக்கொண்டிருந்தேன், ஆனால் அவர் பயந்துபோயிருந்தார். பயந்தவரிடம் லாபக் கணக்கு சொல்லி என்ன பயன்?

"குவார்ட்டர்ஸ்ல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் எழுதிக் கேக்கணும்மா. இது ஒண்ணுதான் என்னோடது" என்றார். அதைச் சொல்லும்போது குரல் தணிந்துவிட்டது. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். சட்டம் பேசி, சத்தம் போட்டு, ஜெயித்துவிட்டு வந்திருக்கலாம். சாயங்காலம் நான் பஸ் ஏறிப் போய்விடுவேன், இந்த மனுஷரோடு ஒரே வளாகத்தில் இருக்கப்போகிறவள் தேசம்மா. நான் ஜெயித்த ஜெயத்துக்கு அவள்தான் வாடகை கட்டுவாள். பின்வாங்கினாலோ வருகிற மாதம் பல்பு அணையும், அதோடு அவள் வேலையும் அணையும். எப்படிப் பார்த்தாலும் அவர் தோற்காமல் அவளுக்கு வெளிச்சம் வந்தாக வேண்டும்.

"எம்மா, ஓடு கையச் சுடுது, சீக்கிரம் ஒண்ணு சொல்லுங்க" என்றார் மேலேயிருந்து கொத்தனார்.

நான் வாசல் வழியாக உள்ளே பார்த்தேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது. வெயில் விழுந்த பிறகு அது எரிவதே தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, எதற்கென்று முழுசாகத் தெரியாமலே கேட்டேன்.

"ஐயா, இந்த ரூமைக் காலி பண்ணிட்டுப் போறவங்க பல்பை என்ன செய்வாங்க?"

"என்ன செய்வாங்க? கழட்டிட்டுப் போவாங்க. அது அவங்க வாங்கினது."

"ஹோல்டர்?"

"அது என்னோடது. அதுல எவன் கை வைக்கான்?"

"அப்ப இதுவும் பல்புதான் ஐயா. கூரை உங்களோடது, யாரும் கை வைக்கல. அதுல மாட்டியிருக்கிறது மட்டும் தேசம்மாவோடது. போகும்போது கழட்டிட்டுப் போவாங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். ஊர் முழுக்க எல்லாக் குடித்தனக்காரர்களும் செய்கிற காரியம் அது, அவருக்குப் புதிதாக ஒன்றுமில்லை. தேசம்மா வாசலுக்கு வந்தாள்.

"உன் ஓடு எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும் நைனா. நான் போறப்ப என்துத அவுத்துகினு, உன்துத வச்சிட்டுப் போறேன். ஒரு மூலை ஒடஞ்சாலும் என்னியக் கேளு."

ஓனர் பாதையில் கிடந்த ஏணியைப் பார்த்தார். பிறகு அவர் குனிந்து ஏணியை எடுத்துக் கூரையில் சாத்தினார். கொத்தனார் கொடுத்த மண் ஓட்டை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, தேசம்மா கையில் கொடுத்தார்.

"உடையக் கூடாது" என்றார்.

எங்கள் விதிப்படி கொடுக்கிற பொருள் அந்த வீட்டிலேயே நிலையாக இருக்க வேண்டும். கழற்றிக்கொண்டு போகலாம் என்று எப்படிச் சொல்லலாம் என்று ஆபீஸில் என்னைக் காய்ச்சி எடுத்தார்கள். அக்கா எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். மகராசி, மேசைமேல் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

அதன்பின் வந்த வருஷங்களில் அந்தப் பக்கம் போகிற வேலை இல்லாவிட்டாலும் நான் அங்கே போனேன். அந்த ரூமில் இப்போது நேரம் வேறு மாதிரி நடந்தது. முற்பகலில் சாமி படத்துக்குக் கீழே ஒரு வெயில் சதுரம் இறங்கும். மெல்ல மெல்லத் தரையில் ஊர்ந்து நடுவுக்கு வரும், மத்தியானத்துக்கு மேல் டிரங்குப் பெட்டிமேல் ஏறும், அப்புறம் சுவரில் ஏறிச் சிவந்து இல்லாமல் போகும். தேசம்மா சாக்கோடு அதன் பின்னாலேயே நகர்ந்துகொண்டு போவாள். அவள் புருஷன் தூக்கத்திலேயே, கண்ணைத் திறக்காமலே, அதற்கு எதிர்த்திசையில் பாயை இழுத்துக்கொண்டு உருளுவார். அவர்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு, யாரும் பேசி வைத்தது இல்லை. மழைநாளில் கண்ணாடிமேல் தண்ணீர் ஓடும், அந்த ஓட்டத்தின் நிழல் அவள் கைமேல் ஓடும், கத்தரி அதற்குள் சிக் சிக் என்று போய்க்கொண்டிருக்கும். சில சமயம் ஒரு காக்காய் வந்து நிற்கும். கீழேயிருந்து பார்த்தால் அதன் இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டே நான் தூங்கிப்போவேன். என் வேலைக்காலத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த இடம் அதுதான்.

பகல் பல்பு போனதும் குழாயடிச் சண்டையும் போயிற்று. முதலில் கன்னியம்மா முறத்தில் அரிசியோடு வாசலில் வந்து நின்றாள். கல் பொறுக்க வெளிச்சம் வேண்டுமாம். தேசம்மா சாக்கைத் தள்ளி இடம் விட்டாள். அப்புறம் ஒருத்தி ஊசியில் நூல் கோக்க வந்தாள், ஒருத்தி மகளுக்குப் பேன் பார்க்க வந்தாள். ஒரே ஓட்டு வெளிச்சத்தில் வரிசையே வந்து உட்கார்ந்தது. மற்ற ரூம்களுக்கும் ஓடு கொடுக்கலாம் என்று நாங்கள் யோசித்தபோது எங்கள் நிதி நின்றுவிட்டது. கொடுத்தவர்களின் அக்கறை வேறு பக்கம் திரும்பியிருந்தது. உங்களுக்கும் இது நடக்கும், தயாராக இருங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் தேசம்மா ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். திருநின்றவூரில் ஏரிப் பக்கம் சின்னதாக மனை வாங்கி ஓட்டு வீடு கட்டியாயிற்று, ரூமைக் காலி செய்கிறோம், வந்துவிட்டுப் போ என்று.

போனேன். சாமான்களெல்லாம் வண்டியில் ஏறியிருந்தன. வாசலில் ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். யாரென்று தெரியாமல் ஒதுங்கி நின்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீதான அந்தத் தூங்கற மேடம்?" என்றார்.

அவளுடைய புருஷன். இத்தனை வருஷத்தில் அவர் கண் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உள்ளே தேசம்மா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அதே கொத்தனார் ஏணி சாத்திக் கூரைமேல் உட்கார்ந்திருந்தார். வரிசைப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓனர், தலை நன்றாக வெளுத்திருந்தது. கன்னியம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மேடம், நீயாச்சும் சொல்லேன். அங்க ஜன்னல் வச்சிக் கட்டிகினு கீறா. இந்த ஒரு ஓட்டை இங்க வுட்டுட்டுப் போனா இன்னா? நாங்கல்லாம் திரும்ப இருட்டுல ஒக்காரணுமா?"

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அத்தனை பேருக்கு அது பயன்படுகிறதே. தேசம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் விட்டுவிட்டுப் போவாள், அது அவள் முகத்தில் தெரிந்தது. அதனாலேயே என்னால் சொல்ல முடியவில்லை. கொடுத்த பொருளை எங்கே வைப்பது என்று கொடுத்தவள் சொல்ல ஆரம்பித்தால், அப்புறம் கொடுத்ததற்கு என்ன அர்த்தம்?

"அது தேசம்மாவோட பல்பு" என்றேன்.

கன்னியம்மா என் கையை உதறினாள். தேசம்மா அவள் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"எனக்கு மட்டும் உங்கள இருட்டுல வுட்டுப் போவ ஆசையா, கன்னி? அன்னிக்கி அவுத்துகினு போறேன்னு ஓனராண்ட சொன்னேன். இன்னிக்கி வுட்டுட்டுப் போனா, என் சொல்லு இன்னாவுறது? நாளைக்கி இன்னொருத்தி வந்து எதுனா மாட்டிக்கிறேன்னு கேட்டா, அவுரு நம்பி வுடணுமா வேணாமா?"

கொத்தனாரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் கண்ணாடி ஓட்டை உருவி இறக்கினார். அதைப் பழைய புடவையில் சுற்றித் தன் புருஷனிடம் கொடுத்தாள். பிறகு சுவரோரம் துணியில் கட்டி வைத்திருந்த மண் ஓட்டைப் பிரித்து, முந்தானையால் ஒரு தரம் துடைத்து, ஓனரிடம் நீட்டினாள்.

"பாத்துக்க நைனா. ஒரு மூலையும் ஒடையல."

அவர் வாங்கினார். அன்று பார்த்ததுபோலவே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கொத்தனார் அதை வாங்கிக்கொள்ள மேலேயிருந்து கையை நீட்டினார். ஓனர் கொடுக்கவில்லை.

காலியான ரூமின் நடுவில், திறந்த கூரை வழியாக, வெயில் சதுரம் விழுந்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தானே கட்டிய அந்த ரூமுக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. வெயிலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். தூசி மெல்ல மெல்ல அவர் தலையைச் சுற்றி மிதந்தது. எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்லத் தெரியவில்லை, எனக்கு அது கனவில் நடப்பதுபோல இருந்தது.

பிறகு மண் ஓட்டைச் சுவரோரமாகச் சாத்தி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"அந்தக் கண்ணாடி ஓடு எங்கம்மா கிடைக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

பூந்தமல்லி ரோட்டில் நாங்கள் வாங்கிய கடையைச் சொன்னேன். அவர் திரும்பி, வரிசையாக இருந்த வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். எண்ணுவதுபோல உதடுகள் மட்டும் அசைந்தன. மதிலில் சாய்த்திருந்த சைக்கிளை எடுத்து ஏறி உட்கார்ந்தார்.

கொத்தனார் கூரையிலிருந்து இறங்கி, வேலை முடிந்ததென்று ஏணியில் கைவைத்தார்.

"ஏணிய எடுக்காதப்பா" என்றார் ஓனர். "இந்தா வந்துருதேன்."